கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்... (தெரபி ஃபைலும் தாம்பரத்து அம்மாக்களும்)

சாயங்காலம் ஐந்தரை மணி. கிழக்குத் தாம்பரம், கேம்ப் ரோடு. ஷேர் ஆட்டோவில் நான்கு வயதுப் பையனை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா. தோளில் பை, கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். ஃபைலுக்குள் ஆறு பக்கம், எல்லாம் ஆங்கிலம். 'இம்ப்ரூவ் ஐ காண்டாக்ட்', 'இன்க்ரீஸ் சிட்டிங் டாலரன்ஸ்', 'சென்சரி இன்டக்ரேஷன்', 'ஃபைன் மோட்டார் ஸ்கில்ஸ்', '80 பர்சென்ட் அக்யூரசி'. ஆறாவது பக்கத்தின் அடியில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 'பேரண்ட் சிக்னேச்சர்'. கோட்டுக்கு மேலே அந்த அம்மாவின் கையெழுத்து, தமிழில்.

"மேடம், இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டிருப்பார். "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்மா, நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்று பதில் வந்திருக்கும்.

இந்த அம்மாவுக்குப் பெயர் தேவையில்லை. செலையூர், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் இவர் கிடைப்பார். பத்து வருடத்துக்கு முன்னால் டியூஷன் சென்டர் போர்டு தொங்கிய மாடிகளில் இப்போது தெரபி சென்டர் போர்டு தொங்குகிறது. அது தப்பில்லை. தேவை இருக்கிறது, அதனால் சென்டர்கள் வருகின்றன. மூன்று வயதாகியும் பேசாத குழந்தையை "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்" என்று வீட்டிலேயே வைத்திருந்த காலத்தை விட இது எவ்வளவோ மேல்.

ஆனால் அந்த ஃபைல்? அதில் இருப்பது அந்தக் குழந்தையின் அடுத்த ஆறு மாதம். அந்த வீட்டின் சம்பளத்தில் ஒரு பெரிய பங்கு. அந்த அம்மா வேலையை விட்டதற்கான காரணம். இவ்வளவும் ஏறி உட்கார்ந்திருக்கும் ஒரு காகிதத்தைப் படிக்க முடியாமலே ஒருவர் கையெழுத்துப் போடுகிறார் என்றால் அதற்குச் சம்மதம் என்று பெயர் இல்லை. வருகைப் பதிவேடு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

சுருக்கமாகச் சொன்னால், பெற்றோருக்குப் புரியாத சிகிச்சைத் திட்டம் சிகிச்சைத் திட்டமே இல்லை.

திட்டம் என்றால் என்ன?

இது ஒன்றும் ராக்கெட் விஷயம் இல்லை. எந்த தெரபியாக இருந்தாலும் (பேச்சு, ஆக்குபேஷனல், பிசியோ, சிறப்புக் கல்வி) திட்டத்தில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்.

ஒன்று, குழந்தை இன்றைக்கு எங்கே நிற்கிறது. இரண்டு, ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ எங்கே போக வேண்டும். மூன்று, அதற்கு நடுவில் உள்ள சின்னச் சின்னப் படிகள். நான்கு, யார், எப்படி, வாரத்துக்கு எத்தனை முறை. ஐந்து, முன்னேற்றத்தை எதை வைத்து அளப்பது, எந்தத் தேதியில் மறுபடி உட்கார்ந்து பார்ப்பது.

அவ்வளவுதான். வீடு கட்டும் மேஸ்திரியிடம் இந்த ஐந்தையும் கேட்காமல் யாராவது அட்வான்ஸ் கொடுப்பார்களா? குழந்தை விஷயத்தில் மட்டும் கொடுக்கிறார்கள்.

'கம்யூனிகேஷன் ஸ்கில் வளர்த்தல்' என்று ஒரு இலக்கு எழுதியிருந்தால் அது இலக்கு இல்லை, ஆசீர்வாதம். அதை எந்தக் குழந்தைக்கும் எழுதலாம், எத்தனை வருடம் வேண்டுமானாலும் எழுதலாம். என்றைக்கும் முடியாது, என்றைக்கும் தோற்காது, பில் மட்டும் மாதாமாதம் வரும். இப்படி எழுதிப் பாருங்கள்: 'இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் அம்மாவின் கையைப் பிடித்து இழுக்கிறான். மூன்று மாதத்தில், தண்ணீர்ப் படத்தைக் காட்டியோ "தண்ணி" என்று சொல்லியோ கேட்க வேண்டும். பத்து முறையில் எட்டு முறையாவது. வீட்டிலும் பாட்டி வீட்டிலும்.' இதைப் படித்தால் எட்டாவது படித்த பாட்டிக்கும் புரியும். மூன்று மாதம் கழித்து நடந்ததா இல்லையா என்று அவரே சொல்லிவிடுவார்.

அங்கேதான் சிக்கல். புரிந்தால் கேள்வி வரும்.

அளவிட முடியாது என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். கிரெசுக், ஷெர்மன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1968-லேயே இதற்கு ஒரு வழி சொல்லிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனி இலக்கு. அந்த இலக்குக்கு ஐந்து படி. எதிர்பார்த்தது நடந்தால் பூஜ்யம், கொஞ்சம் அதிகம் நடந்தால் கூட்டல் ஒன்று, நிறைய நடந்தால் கூட்டல் இரண்டு, குறைந்தால் அதே மாதிரி கழித்தல். ஒவ்வொரு படியும் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். ஒரு அம்மாவோடு இருபது நிமிடம் உட்கார்ந்தால் தமிழில் எழுதி முடித்துவிடலாம்.

எண்களைக் கண்டு பயப்படுவது

ஃபைலில் இன்னொரு பக்கம் இருக்கும், மதிப்பெண் பக்கம். ஆட்டிசம் என்று சந்தேகம் வந்தால் இங்கே பெரும்பாலும் 'இசா' என்ற அளவுகோலைப் போடுவார்கள். செகந்திராபாத்தில் இருக்கும் தேசிய நிறுவனம் உருவாக்கி 2009-ல் வெளியிட்ட இந்திய அளவுகோல் அது. மொத்தம் 40 அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஆகக் குறைந்தது 40, அதிகபட்சம் 200. 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது. 107 முதல் 153 வரை நடுத்தரம். அதற்கு மேல் தீவிரம்.

இந்த நாலு வரியை ஒரு தாயிடம் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிடம். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? '112' என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, இது நல்ல மார்க்கா கெட்ட மார்க்கா, நூற்றுக்கா இருநூற்றுக்கா என்று தெரியாமல் ராத்திரி முழுக்க விழித்திருப்பார். ஐ.க்யூ. நூறைத் தாண்டினால் நல்லது என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்து, இதுவும் அதுதான் என்று சந்தோஷப்படுகிற அப்பாக்களும் உண்டு. சிரிப்பதற்கு இல்லை. யாரும் சொல்லித் தராதது அவர் தப்பா?

இன்னொன்று. இந்த அம்சங்களில் பலவற்றுக்குப் பதில் பெற்றோரிடம் கேட்டுத்தான் எழுதப்படுகிறது. அதாவது தகவல் தருவதற்குப் பெற்றோர் வேண்டும். அந்தத் தகவலிலிருந்து வந்த முடிவைப் புரிந்துகொள்ள மட்டும் பெற்றோருக்குத் தகுதி இல்லை. என்ன நியாயம் இது?

"அவங்களுக்குப் புரியாது சார்"

இந்த வசனத்தை ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்கலாம்.

யாருக்குப் புரியாது? பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்றிதழ் மூன்றையும் வைத்துக்கொண்டு அகரம்தென்னில் அரை கிரவுண்டு வாங்கியவருக்கா? ஏலச்சீட்டில் எந்த மாதம் எடுத்தால் எவ்வளவு தள்ளுபடி என்று மனக்கணக்காகச் சொல்பவருக்கா? பிளஸ் டூ கட்-ஆஃப் மார்க்கைப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் வரை போட்டுப் பார்ப்பவருக்கா? இவர்களுக்கு 'பத்தில் எட்டு முறை' புரியாதாம்!

புரியாதது விஷயம் இல்லை, மொழி. 'ப்ரொப்ரியோசெப்டிவ் இன்புட்' என்றால் புரியாது. 'உடம்பின் மூட்டுக்கும் தசைக்கும் அழுத்தம் கொடுத்து, தன் கை கால் எங்கே இருக்கிறது என்று குழந்தைக்கு உணரவைப்பது. அதனால்தான் சுவரைத் தள்ளச் சொல்கிறோம், கனமான பையைத் தூக்கச் சொல்கிறோம்' என்றால் புரியும். இதைச் சொல்லத் தெரியாத தெரபிஸ்ட் யாரும் கிடையாது. சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, அதுதான் பிரச்சினை.

கட்டாயம் இருக்கிற இடங்கள் உண்டு. அமெரிக்காவில் 1975-ல் ஊனமுற்ற குழந்தைகளின் கல்விக்காக ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனி எழுத்துத் திட்டம், அதை எழுதும் குழுவில் பெற்றோரும் உறுப்பினர். இப்போது அங்கே முதன்முதலாகச் சேவை தொடங்குவதற்கு முன் பெற்றோரின் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதம் அவர்களுடைய தாய்மொழியில் முழுத் தகவலும் சொல்லி வாங்கியதாக இருக்க வேண்டும். திட்டத்தின் நகல் ஒன்றை இலவசமாகத் தர வேண்டும். அங்கேயும் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல முடியாது. பக்கம் பக்கமாகக் கொடுத்துக் குழப்புகிறார்கள் என்று அங்குள்ள பெற்றோரும் புலம்புகிறார்கள். ஆனால் புலம்புவதற்குக் கையில் ஒரு சட்டம் இருக்கிறது.

இங்கே? 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: சம்மதம் என்றால் என்ன செய்யப் போகிறார்கள், எதற்காக, என்ன பலன், வேறு என்ன வழி இருக்கிறது, என்ன ஆபத்து, வேண்டாம் என்றால் என்ன ஆகும் என்பதெல்லாம் தெரிந்து கொடுப்பது. அது அறுவை சிகிச்சை வழக்கு, உண்மைதான். கத்தி வைப்பதற்கு மட்டும்தான் இந்த நியாயம் பொருந்தும் என்று யார் சொன்னது? ஒருநாள் ஆபரேஷனுக்கு இவ்வளவு சொல்ல வேண்டும் என்றால், மூன்று வருடம் ஓடும் தெரபிக்கு எவ்வளவு சொல்ல வேண்டும்? மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். தெரபி சென்டரில் ரிப்போர்ட் கேட்டால் "எதுக்கு, வேற சென்டர் மாறப் போறீங்களா?" என்று திருப்பிக் கேட்கிற பழக்கத்தை இதோடு வைத்துப் பார்க்கவும்.

மூடிய கதவும் 84 மணி நேரமும்

"அம்மா, நீங்க வெளிய உக்காருங்க. நீங்க இருந்தா அவன் கோ-ஆபரேட் பண்ண மாட்டான்."

சில குழந்தைகளுக்கு, சில நாட்களுக்கு இது சரிதான். எல்லாக் குழந்தைக்கும், எல்லா நாளும் என்றால் கணக்கு இடிக்கிறது.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். வாரம் மூன்று செஷன், ஒவ்வொன்றும் 45 நிமிடம். மொத்தம் 2 மணி 15 நிமிடம். குழந்தை ஒரு நாளில் 12 மணி நேரம் விழித்திருக்கிறது என்றால் வாரத்துக்கு 84 மணி நேரம். அந்த மூடிய அறையில் நடப்பது நூற்றுக்கு மூன்று பங்கு கூட இல்லை. மீதி எண்பத்தொன்றே முக்கால் மணி நேரம் குழந்தை யாரோடு இருக்கிறது? வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்ட அதே அம்மாவோடு. உள்ளே என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று அவருக்குத் தெரியாவிட்டால் அந்த 84 மணி நேரமும் வீண்.

இது வெறும் வாதம் இல்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்து, 2016-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளிவந்தது. தெரபிஸ்ட் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். குழந்தையோடு எப்படி விளையாடுவது, அதன் கவனம் போகிற பக்கம் எப்படிப் போவது, அது செய்வதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று. பெற்றோர் குழந்தைக்கு ஏற்றபடி பேசிப் பழகுவது தெளிவாகக் கூடியது. குழந்தைகள் தாமாகப் பேச்சைத் தொடங்குவதும் கூடியது. எல்லாமே மாறிவிட்டது என்று அந்த ஆய்வு சொல்லவில்லை. ஆனால் 'படிக்காத பெற்றோரால் என்ன முடியும்' என்ற கேள்விக்கு அது ஒரு பதில்.

தமிழ்நாட்டுக்கும் இது புதுசு இல்லை. கோட்டூர்புரத்தில் இருக்கும் வித்யாசாகர் 1985-ல் தொடங்கப்பட்டது. தொடங்கிய பூனம் நடராஜன், மூளை முடக்குவாதம் உள்ள ஒரு மகனின் தாய். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் கிராமத்து வீடுகளுக்கே போய், குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்துச் செய்கிறது. கிராமத்தில் முடிகிறது, மாநகராட்சியாகிவிட்ட தாம்பரத்தில் முடியாதாம்.

யாருடைய இலக்கு?

இன்னொரு கேள்வி, கொஞ்சம் கசப்பானது. ஃபைலில் முதல் இலக்காக எப்போதும் 'ஐ காண்டாக்ட்'டும், 'கையை ஆட்டுவதை நிறுத்துவது'ம் ஏன் வருகிறது? பையன் கையை ஆட்டுவதால் யாருக்கு என்ன நஷ்டம்? கல்யாண வீட்டில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதானே. ஆட்டிசம் உள்ளவர்கள் பெரியவர்களாகி எழுதத் தொடங்கிய பிறகு திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: கண்ணைப் பார் என்று வற்புறுத்தியது எங்களுக்கு உதவவில்லை, வலித்தது என்று.

கனடாவில் ரோசன்பாம், கோர்டர் என்ற இரண்டு மருத்துவர்கள் 2012-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். குழந்தைக்குத் திட்டம் போடும்போது ஆறு விஷயத்தைப் பாருங்கள் என்றார்கள். அன்றாடச் செயல்பாடு, குடும்பம், உடல் வலு, சந்தோஷம், நண்பர்கள், எதிர்காலம். தாம்பரத்து ஃபைல்களை எடுத்து இந்த ஆறில் எத்தனை இருக்கிறது என்று பார்க்கலாம். சந்தோஷம் என்ற தலைப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது?

திட்டத்தைப் புரிந்துகொண்ட பெற்றோர் இதைக் கேட்க முடியும். "அவனுக்குக் கண்ணைப் பாக்கறது அப்புறம் இருக்கட்டும் மேடம். ராத்திரி தூங்க மாட்டேங்கறான், டாய்லெட் சொல்லத் தெரியல, தங்கச்சியோட ஒரு அஞ்சு நிமிஷம் விளையாடினா போதும். அத முதல்ல போடுங்க" என்று சொல்ல முடியும். புரியாதவர் என்ன சொல்வார்? "எப்போ பேசுவான்?" அவ்வளவுதான். பிறகு அதையே குறையாகச் சொல்வது, பெற்றோருக்குப் பேச்சைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று!

பேக்கேஜும் நாற்பது மணி நேரமும்

'இன்டென்சிவ்' என்று ஒரு வார்த்தை இருக்கிறது. வாரத்துக்கு இத்தனை மணி நேரம், மூன்று மாதப் பேக்கேஜ், முழுப் பணமும் முன்கூட்டியே. எவ்வளவு அதிக நேரமோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் 1987-ல் அமெரிக்காவில் லோவாஸ் என்பவர் வெளியிட்ட ஆய்விலிருந்து. வாரத்துக்கு 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் மற்றக் குழந்தைகள் போல ஆகிவிட்டார்கள் என்றார். அந்தக் குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை. பயிற்சியில் அதட்டலும் தொடையில் அடியும் இருந்தன. இந்த இரண்டு விஷயமும் விளம்பரத் தாளில் வராது, 40 மட்டும் வரும்.

இதைவிட மோசம் ஸ்டெம் செல் வியாபாரம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசி ஒரு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இல்லை. அங்கீகரிக்கப்படாத நோய்களுக்கு முறையான ஆய்வுக்கு வெளியே அதைக் கொடுக்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது. அப்படியும் நகையை அடகு வைத்துப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். திட்டத்தில் 'ஏன்' என்று கேட்டுப் பழகியவர் இதில் மாட்டமாட்டார். "டாக்டருக்குத் தெரியாததா" என்று மட்டும் பழக்கப்படுத்தப்பட்டவர்தான் மாட்டுவார். புரியாமல் கையெழுத்துப் போடும் பழக்கம் ஒரு சென்டரோடு நிற்காது.

யார் தெரபி கொடுக்கிறார் என்பதும் இதில் சேரும். 1992-ஆம் ஆண்டு சட்டப்படி பேச்சுப் பயிற்சியாளர், சிறப்புக் கல்வி ஆசிரியர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆக்குபேஷனல் தெரபியும் பிசியோவும் அந்தச் சட்டத்தில் வராது. அவை 2021-ல் வந்த வேறொரு தேசிய ஆணையச் சட்டத்தின் கீழ். ஆர்.சி.ஐ. எண் என்ன என்று கேட்பது அவமரியாதை இல்லை. ஆட்டோவில் ஏறும்போது மீட்டரைப் பார்ப்பது மாதிரி அது.

தெரபிஸ்ட் பக்கத்து நியாயம்

அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. காட்டாங்குளத்தூரிலோ போரூரிலோ நாலு வருடம் படித்து வெளியே வரும் பெண்ணுக்கு அடுத்தடுத்துச் செஷன். ஒரு குழந்தை வெளியே போவதற்குள் அடுத்தது உள்ளே. நடுவில் தண்ணீர் குடிக்க நேரமில்லை. ரிப்போர்ட்டை ராத்திரி வீட்டில் உட்கார்ந்து எழுத வேண்டும். பெற்றோரிடம் பேசும் இருபது நிமிடத்துக்கு சென்டர் காசு வாங்குவதில்லை, அதனால் சம்பளமும் தருவதில்லை. பாடமும் ஆங்கிலத்தில், தேர்வும் ஆங்கிலத்தில். தமிழில் திட்டம் எழுதக் கற்றுக்கொடுத்தது யார்?

பெற்றோரிலும் எல்லோரும் மகான்கள் இல்லை. வீட்டில் செய்யச் சொன்னதைச் செய்யாமல் சென்டரைத் திட்டுபவர்கள் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு சென்டர் என்று தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரை மாறிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. ஃபைலில் ஆங்கிலம் இல்லாவிட்டால் 'இது நல்ல சென்டர் இல்லை' என்று நினைப்பவர்களும் உண்டு. அப்பாக்கள் பணம் கட்டுவதோடு கடமை முடிந்தது என்று இருப்பதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இதெல்லாம் உண்மை. ஆனால் இவை எதுவும் புரியாத ஃபைலுக்கு நியாயம் ஆகாது. இந்தப் பிரச்சினைகள் ஒவ்வொன்றுக்கும் புரிகிற ஒரு திட்டமே பாதி மருந்து. ஏன் செய்கிறோம் என்று தெரிந்தவர்தான் வீட்டில் செய்வார். அடுத்த பரிசோதனை எந்தத் தேதி என்று தெரிந்தவர்தான் அதுவரை பொறுத்திருப்பார். இருபது நிமிடத்துக்கு சென்டர் காசு வாங்கட்டுமே! பத்தில் ஒரு செஷனைப் பெற்றோருக்கு விளக்குவதற்கு என்று ஒதுக்கினால் குடிமுழுகிப் போகாது. அது தெரபிக்கு வெளியே இருக்கும் வேலை இல்லை, தெரபியே அதுதான்.

அரசாங்கம் என்ன செய்யலாம்?

முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005-லிருந்து இருக்கிறது, பல்வகை ஊனமுற்றோருக்கானது. தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் போக வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் என்று சுற்ற வேண்டும். அழுகிற குழந்தையோடு வாரத்துக்கு மூன்று நாள் போய்வருவது எத்தனை பேரால் முடியும்? 2013-ல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தில் மாவட்டத் தொடக்க இடையீட்டு மையங்கள் வந்தன. தமிழக அரசு உலக வங்கி உதவியோடு 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' மையங்களைத் திறந்து வருகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், அதில் தெரபிச் செலவும் அடங்கும். இதைப் பற்றி எத்தனை சென்டர் வாசலில் போர்டு இருக்கிறது?

கட்டிடமும் காசும் மட்டும் போதாது. அரசு மையங்களிலிருந்தே தொடங்கலாம்: ஒவ்வொரு குழந்தைக்கும் தமிழில் ஒரு பக்கம். ஒரே ஒரு பக்கம். இன்றைய நிலை, மூன்று இலக்கு, வீட்டில் செய்ய வேண்டியது, அடுத்த பரிசோதனைத் தேதி. நியாய விலைக் கடையில் இன்றைக்கு எத்தனை கிலோ அரிசி இருப்பு என்று தமிழில் எழுதிப் போடத் தெரிந்த அரசுக்கு இது முடியாதா? அரசு செய்தால் தனியாரும் செய்தாக வேண்டும். பதிவு கொடுக்கும்போதே இதை நிபந்தனையாக வைத்தால் இன்னும் நல்லது.

அதுவரை...

அதுவரை அந்த அம்மா என்ன செய்வார்? கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஆறு கேள்வி கேட்கலாம்.

இன்றைக்கு என் குழந்தை எதைச் செய்கிறது, எதைச் செய்யவில்லை என்று எழுதியிருக்கிறீர்களா? மூன்று மாதத்தில் என்ன மாறும், அது எனக்கு எப்படித் தெரியும்? இந்த முறையை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், வேறு வழி உண்டா? நான் எப்போது உள்ளே வந்து பார்க்கலாம்? வீட்டில் நான் செய்ய வேண்டிய ஒரே ஒரு விஷயம் என்ன? மாற்றம் வராவிட்டால் எந்தத் தேதியில் திட்டத்தை மாற்றுவீர்கள்?

ஆறும் தமிழ்க் கேள்விகள், தமிழிலேயே பதில் வேண்டும். நல்ல தெரபிஸ்டாக இருந்தால் கோபப்பட மாட்டார். அப்பாடா, ஒருத்தராவது கேட்டார் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். அப்படிப்பட்டவர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். கோபப்பட்டால் அதுவும் ஒரு பதில்தான்.

பேனா அந்த அம்மாவின் கையில் இருக்கிறது. ஃபைலை வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போய், தெரிந்தவர் யாரிடமாவது படித்துக் காட்டச் சொல்லிவிட்டு, நாளைக்குக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று சொன்னால் குழந்தைக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஒரு நாள் தாமதம். அவ்வளவுதான்.